திம்பம் பாதையில் பேய் எப்போது வந்தது?

மலர்க்குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "வரலாறு எழுதுங்க, ஆனா படிக்கிற பசங்களும் படிக்கிற மாதிரி இருக்கட்டும்" என்றார்கள். மன்னர்கள் பட்டியலைப் போட்டால் மாணவ மணிகள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. ஆகவே பேயைப் பற்றியே எழுதிவிடுகிறேன். அதுவும் வெளியூர்ப் பேய் வேண்டாம். கோவையிலிருந்து அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம் என்று மைசூர்ப் பக்கம் ஏறும் நம்ம ரோட்டுப் பேய்.

இந்த ரோட்டுக்கு இப்போது அகில இந்தியப் புகழ் கிடைத்துவிட்டது. 'இந்தியாவில் இரவில் போகக்கூடாத சாலைகள்' என்று செல்போனில் சுற்றும் பட்டியல்களில் 'தேசிய நெடுஞ்சாலை 209, சத்தியமங்கலம் காடு' என்ற பெயர் தவறாமல் இடம் பெறுகிறது. ஆகாயத்தில் மிதக்கும் லாந்தர் விளக்குகள், காட்டுக்குள்ளிருந்து அலறல், கூடவே வீரப்பன் ஆவி! என் பேத்தி முறையாகும் பெண் ஒருத்தி இப்போது நம் கல்லூரியில்தான் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் இதைக் காட்டி, "தாத்தா, நீங்க அந்த வழியில ராத்திரி போயிருக்கீங்களா? நிசமா?" என்று கேட்டாள். போயிருக்கிறேன். பல தடவை போயிருக்கிறேன். ஆனால் 'நிசமா' என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

முதலில் சில விஷயங்களை நேர் செய்துவிடுவோம். 209 என்ற எண்ணே இப்போது கிடையாது. 2010-ல் நாடு முழுக்க நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தபோது கோவை–பெங்களூர் சாலை 948 ஆகிவிட்டது. வீரப்பன் இறந்தது இந்த ரோட்டில் அல்ல. 2004 அக்டோபர் 18 இரவு தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே அதிரடிப்படையினர் சுட்டதில் இறந்தார். புதைத்தது மேட்டூர் பக்கம் மூலக்காட்டில். இறந்த இடத்தையும் புதைத்த இடத்தையும் விட்டுவிட்டு ஆவி மட்டும் எதற்காக மலை மலையாகத் தாண்டித் திம்பத்துக்கு வரவேண்டும்? பட்டியல் எழுதினவர் தேசப்படத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நிற்க. பட்டியலைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. அந்த ரோட்டில் இரவில் பயம் உண்டு. எப்போதுமே உண்டு. ஆனால் ஒவ்வொரு காலத்திலும் அது வேறு வேறு பயம். பேய் அந்தந்தக் காலத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அந்தச் சட்டைகளைப் பிரித்துப் பார்த்தால் நம் ஜில்லாவின் சரித்திரமே கிடைக்கிறது.

ரோட்டின் அமைப்பைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சத்தியமங்கலத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் போனால் மலையடிவாரத்தில் பண்ணாரி மாரியம்மன் கோயில். அங்கிருந்து ஏற்றம். 27 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில் திம்பம். அப்புறம் சமதளக் காடு, ஆசனூர், காரப்பள்ளம் சோதனைச்சாவடி, அதைத் தாண்டினால் கர்நாடகம். தாளவாடிக்காரர்களுக்குச் சத்திக்கு வர இதுதான் வழி. அந்தப் பக்கம் கொள்ளேகால் தாலுகா 1956 வரை நம் கோயமுத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது என்பதை இப்போதைய மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். சத்தியமங்கலமும் கோவை ஜில்லாதான். 1979-ல் பெரியார் மாவட்டம் பிரிந்து, 1996-ல் அது ஈரோடு மாவட்டம் ஆயிற்று.

ஆனால் திம்பம் வழி புதுசு. அதற்கு முன்னால் கொங்கு நாட்டிலிருந்து மைசூருக்கு ஏறின பெரிய வழி கஜலஹட்டி கணவாய். மாயாற்றை ஒட்டி மேற்கே போகும் வழி அது. அதன் வாசலில், பவானியும் மாயாறும் கூடும் இடத்தில் தணாயக்கன்கோட்டை. ஹொய்சள அரசர்களின் படைத்தலைவர்களான தண்டநாயகர்கள் கட்டிய கோட்டை. தண்டநாயகன் என்பது மக்கள் வாயில் தணாயக்கன் ஆகிவிட்டது. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கொங்கு நாட்டுக்கு இறங்கியது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். 1790 செப்டம்பரில் திப்பு இதே கணவாயில் இறங்கி, சத்தியமங்கலத்தில் இருந்த கர்னல் ஃபிளாய்டின் கும்பினிப் படை மீது பாய்ந்தார். ஃபிளாய்டு பின்வாங்க வேண்டியதாயிற்று. இரண்டு பக்கமும் எத்தனை சிப்பாய்கள், எத்தனை வண்டிக்காரர்கள், எத்தனை மாடுகள்! தளபதிகளின் பெயர்கள் புத்தகத்தில் ஏறின. மற்றவர்கள் விழுந்த இடத்திலேயே மண்ணாகிப் போனார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1800-ல், பிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டர் கவர்னர் ஜெனரல் உத்தரவுப்படி நாடு நாடாகக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தார். சத்தியமங்கலம், தணாயக்கன்கோட்டை எல்லாம் அவர் வழியில் இருந்தன. போரில் பாழான கிராமங்களைப் பற்றி அவர் எழுதினது நம் ஜில்லா சரித்திரத்துக்குப் பெரிய ஆதாரம். அந்தக் கோட்டை இப்போது பவானிசாகர் அணைத் தண்ணீருக்குள் கிடக்கிறது. 1955-ல் அணை முடிந்தபோது ஊரோடு முங்கிப் போயிற்று. தண்ணீர் நன்றாக வற்றும் கோடைகளில் மட்டும் மாதவப் பெருமாள் கோயில் கல்மண்டபம் வெளியே தெரியும். தண்ணீருக்குள் இருந்து ஒரு கோயில் எழுந்து வருகிற காட்சியைப் பார்த்தவர்களுக்குப் பேய்க்கதை வேறு தனியாக வேண்டியதில்லை. ஆனால் ஆச்சரியம், எந்தப் பட்டியலிலும் அது கிடையாது.

அடுத்து வண்டிக் காலம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத ஆசை. ஏனென்றால் நம்மில் பலருடைய அப்பாருகள் அந்த வண்டிகளை ஓட்டினவர்கள்தான்.

புளியம்பட்டிச் சந்தை வியாழக்கிழமை. மாட்டுக்குப் பேர் போன சந்தை. ராத்திரி முழுக்க வண்டி கட்டிக்கொண்டு வந்தால்தான் விடியக்காலம் சந்தையில் இடம் பிடிக்கலாம். பத்துப் பதினைந்து வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். முன் வண்டிக்காரன் மட்டும் விழித்திருப்பான், பின்னால் உள்ளவர்கள் தூங்கிக்கொண்டே வருவார்கள். மாடுகளுக்குத்தான் வழி தெரியுமே! ஒவ்வொரு வண்டிக்கும் அடியில், அச்சுக்குப் பக்கத்தில், ஒரு அரிக்கேன் விளக்கு தொங்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு வண்டி தெரியாது, மாடு தெரியாது, ஆள் தெரியாது. வெளிச்சம் மட்டும் தரைக்கு ஒரு முழம் மேலே ஆடி ஆடி வரும். மிதக்கும் லாந்தர் என்று இப்போது சொல்கிறார்களே, அதை நம் பக்கத்துப் பிள்ளைகள் வாரா வாரம் பார்த்திருக்கிறார்கள்.

அந்த வண்டிக்காரர்களின் பேய்கள் வேறு ரகம். ஒன்று, முனி. நடுச்சாமத்தில் முனி ஓட்டம் என்பார்கள். குறிப்பிட்ட மரத்தடியில் வண்டியை அவிழ்க்கக்கூடாது, குறிப்பிட்ட பள்ளத்தில் பேச்சுக் கொடுக்கக்கூடாது. இரண்டாவது, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வண்டிக்குக் குறுக்கே வந்து "வெத்தலைக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு இருக்குங்களா?" என்று கேட்கும் பெண். கையால் கொடுத்தால் போச்சு. கத்தி முனையிலோ ஆணி முனையிலோ வைத்து நீட்ட வேண்டும், இரும்பைக் கண்டால் ஓடிவிடும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் மலையாளத்து யட்சியும் இதே சுண்ணாம்பைத்தான் கேட்கிறாள். கணவாய் வழியாக மாடும் மிளகும் வந்த மாதிரி கதையும் வந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எங்கிருந்து எங்கே போனது என்று சண்டை போட வேண்டாம்.

வழியில் பெண் பேய் வருவது தமிழுக்குப் புதிதும் அல்ல. திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூர் நீலி கதை எவ்வளவு பழசு! வழிப்போக்கு வணிகன் பின்னால் "இவர் என் புருஷன்" என்று குழந்தையோடு வந்து வழக்காடின நீலி. திருஞானசம்பந்தர் தேவாரத்திலேயே அதற்குக் குறிப்பு இருக்கிறது. ஆக, 1300 வருஷமாக நம் ஆண்கள் தனியாக ரோட்டில் போகும்போது ஒரு பெண்ணைக் கண்டு நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். (மாணவியர் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.) அந்தப் பெண்கள் ஏன் பேயானார்கள் என்பதையும் கதைகளே சொல்லிவிடுகின்றன. ஏமாற்றப்பட்டவள், கொல்லப்பட்டவள், பிரசவத்தில் போனவள்.

பிரசவம் என்றதும் சுமைதாங்கிக் கல் ஞாபகம் வருகிறது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு போகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். அதை எதற்கு நட்டார்கள்? வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக. சுமையை இறக்காமலே போய்விட்டாளே, அவள் பேரால் நாலு பேர் சுமை இறங்கட்டும் என்று. அவள் பேயாக அலையாமல் சாந்தியடைவாள் என்ற நம்பிக்கை. பயம்தான் அடிப்படை, ஆனால் அந்தப் பயம் ஊருக்கு உதவுகிற ஒரு கல்லாக மாறியிருக்கிறது. ரோட்டை அகலப்படுத்தும்போது இந்தக் கற்களைத்தான் முதலில் பிடுங்கிப் போடுகிறார்கள். பிடுங்கினவர்களை எந்தப் பேயும் பிடித்ததாகத் தகவல் இல்லை. பிடித்திருக்கலாம் என்று சில சமயம் தோன்றும்.

இனி முனி விஷயம். மலையடிவாரத்தில் ராத்திரி படுத்து எழுந்து வந்தவனுக்கு பத்துப் பதினைந்து நாள் கழித்துக் குளிர் நடுக்கிக் காய்ச்சல் வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். உளறுவான். "முனி அடிச்சுருச்சு" என்று வேப்பிலை அடிப்பார்கள், மந்திரிப்பார்கள். பலர் பிழைக்கவில்லை. அது மலேரியா என்பது இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளைக்காரனும் அப்போது விஷக்காற்று என்றுதான் நினைத்தான். ஆகவே நம் முன்னோர்களைப் பரிகசிக்க யாருக்கும் உரிமை இல்லை. கொசுதான் காரணம் என்று 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் நிரூபித்தவர் ரொனால்டு ராஸ். அதே வருஷம் கொஞ்சம் முன்னால் அவர் ஊட்டிக்கு வந்து, இந்த மாயாற்றுப் பக்கத்துச் சீகூர் மலைப்பாதையில் ஆராய்ச்சி செய்யப் போய், அவருக்கே மலேரியா பிடித்துவிட்டது! நம்ம முனி நோபல் பரிசு வாங்கப் போகிறவரையும் ஒரு அறை அறைந்துதான் அனுப்பியிருக்கிறது.

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சம் கோயமுத்தூர் ஜில்லாவையும் மைசூரையும் ஒருசேர அடித்தது. கஞ்சித் தொட்டியைத் தேடி நடந்தவர்கள் வழியிலேயே விழுந்தார்கள். எரிக்கவும் ஆளில்லை. எந்த ரோட்டிலாவது பேய் இருக்க நியாயம் உண்டென்றால், அது நம் ஜில்லாவின் எல்லா ரோட்டிலும் இருக்க வேண்டும்.

லாரிக் காலத்துக்கு வருவோம். இது நான் கண்ணால் கண்டது. 1983 மார்கழி. தாளவாடிப் பக்கத்தில் ஒரு வகுப்புத் தோழன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப பஸ் கிடைக்காமல் ராகி மூட்டை ஏற்றின லாரியில் தொற்றிக்கொண்டு வந்தேன். ஹாஸ்டலில் சீனியர்கள் திம்பத்து விளக்கைப் பற்றி ஏற்கனவே நன்றாகப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். ஆசனூர் தாண்டும்போது மணி பதினொன்று இருக்கும். பனிமூட்டம். இடது பக்கம் இருட்டுக்குள்ளே, ஒரு பனை உயரத்தில், சிவப்பாக ஒரு வெளிச்சம். ஆடுகிறது. அணைகிறது. மறுபடி எரிகிறது. தள்ளி இன்னொன்று. எங்கிருந்தோ "ஹோ" என்று ஒரு நீளமான கத்தல். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

டிரைவர் அண்ணன் பீடியை எடுக்காமலே சிரித்தார். "தம்பி, அது பேயுமில்லீங்க ஒண்ணுமில்லீங்க. ராகிக் காட்டுல ஆனை எறங்கீருச்சாட்ட இருக்குது. பரண்ல காவலுக்குப் படுத்திருக்கறவன் பந்தம் காட்டறான். பக்கத்துக் காட்டுக்காரனை எழுப்பறதுக்குக் கத்தறான்."

மரத்துக்கு மேல் கட்டின பரண். ராகியும் சோளமும் கதிர் பிடிக்கும் மாதங்களில், மலைமேல் இருக்கிற விவசாயிகளும் சோளகர், ஊராளி மக்களும் பல ராத்திரிகளைப் பரணில்தான் கழிக்கிறார்கள். ஒரு வருஷச் சோறு ஒரு மணி நேரத்தில் யானை வயிற்றுக்குள் போய்விடும். அதனால் பந்தம், தகரம் தட்டல், கூச்சல். ரோட்டில் காரில் போகிறவனுக்கு அது அந்தரத்து விளக்கு, அமானுஷ்ய அலறல். பட்டியல்களில் வரும் விளக்குகளில் பாதிக்கு மேல் இந்தப் பரண் பந்தங்கள்தான் என்பது என் முடிவு. மீதியில் புள்ளிமான் கூட்டத்தின் கண்களும், மாசி பங்குனியில் எரியும் காட்டுத் தீயும் சேரும். அலறலுக்கு மயிலும் மானும் ஆந்தையும் போதும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கழுதைப்புலியும் உண்டு. இருட்டில் மயில் கத்துவதை முதல் தடவை கேட்கிற டவுன்காரன், பெண் அழுகிறாள் என்றுதான் சத்தியம் செய்வான்.

இதற்கெல்லாம் அடங்காத ஒரு அனுபவமும் உண்டு. எதுவும் தெரியாது, எதுவும் கேட்காது. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ அதிரும், முதுகுத்தண்டு சில்லிடும், 'யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள்' என்று தோன்றும். எங்கள் அப்பாரு சொல்வார்: "காளை நின்னுதுன்னா நீயும் நில்லு. காளைக்குத் தெரியறது நமக்குத் தெரியாது." விஞ்ஞானம் இதற்கு ஒரு சாவி வைத்திருக்கிறது. 1984-ல் அமெரிக்காவில் போர்ட்லாந்து மிருகக்காட்சி சாலையில் கேட்டி பெய்ன் என்ற பெண்மணி ஆசிய யானைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். பதிவு செய்து பார்த்ததில், மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்வது தெரிய வந்தது. 1998-ல் இங்கிலாந்தில் விக் டேண்டி என்ற என்ஜினியர், தன் ஆய்வுக்கூடத்தில் பேய் நடமாட்டம் என்று ஊழியர்கள் பயந்ததற்கு ஒரு மின்விசிறி எழுப்பிய 19 ஹெர்ட்ஸ் அதிர்வே காரணம் என்று எழுதினார். பிற்பாடு வந்த சோதனைகள் எல்லாமே அவர் பக்கம் பேசவில்லை. இருந்தாலும், ரோட்டோரம் எஞ்சினை நிறுத்திவிட்டு நிற்கும் ஒருவருக்கு, மூங்கிலுக்குப் பின்னால் யானைக் கூட்டம் நிற்கும்போது, உடம்பு முதலில் தெரிந்துகொள்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதே ராத்திரியில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விளக்கைப் பார்த்துச் சிரித்த அந்த டிரைவர், மலை இறங்கும்போது ஒரு வளைவில் வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியாக ஒரு காசை எறிந்தார். ரேடியோவை அணைத்தார். வளைவு தாண்டியதும் மறுபடி போட்டார். நான் கேட்காமலே சொன்னார்: "நம்ம செட்டுல கிளீனரா இருந்த பையன் ஒருத்தன் இங்கதானுங்க போயிட்டான். டயருக்குக் கல்லு போட எறங்குனவன். வண்டி பின்னால நகந்துருச்சு. பதினேழு வயசுங்க."

அந்தப் பையனைப் பேய் என்று அவர் சொல்லவில்லை. பயந்ததாகவும் தெரியவில்லை. பண்ணாரி வந்ததும் இறங்கி அம்மனைக் கும்பிட்டு, அங்கே திருநீறுக்குப் பதிலாகக் கொடுக்கும் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு கிளம்பினார். பிற்பாடு வேறு லாரிக்காரர்களும் அந்த வளைவைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வாயில் பையன் வளர்ந்துகொண்டே போனான். ஒருவர் கதையில் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். இன்னொருவர் கதையில் கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொல்லி, ஏறி உட்கார்ந்து, அடிவாரம் வருவதற்குள் காணாமல் போகிறான்.

கையைக் காட்டி ஏறி மறைந்துபோகிற ஆவி உலகம் பூரா உண்டு. சிகாகோவில் ஆர்ச்சர் அவென்யூ என்ற ரோட்டில் 'மேரி' என்ற வெள்ளை உடைப் பெண்ணைக் காரில் ஏற்றினவர்கள் கதை 1930-களிலிருந்து நடமாடுகிறது. 1942-ல் கலிபோர்னியாவில் பியர்ட்ஸ்லி, ஹேங்கி என்ற இருவர் இந்தக் கதையின் பல வடிவங்களைச் சேகரித்து அச்சிட்டார்கள். பிறகு ஜான் ஹரோல்ட் புருன்வாண்ட் 1981-ல் இதன் பெயரிலேயே ஒரு புத்தகம் போட்டார். கதை ஒன்றுதான், ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது என்பது அவர்கள் முடிவு. சரிதான். ஆனால் கதை எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நம் ரோட்டில் அது ஒட்டிக்கொண்டது ஒரு கிளீனர் பையனிடம். அவனுக்குக் கல் நடவில்லை, பெயர்ப்பலகை இல்லை. செட்டு ஆட்கள் எறியும் காசுதான் அவனுக்குச் சுமைதாங்கி.

அப்புறம் வந்தது வீரப்பன் காலம். எண்பதுகளின் கடைசியிலிருந்து 2004 வரை அந்தக் காட்டுக்கு ஒரே பயம்தான். ராத்திரி வண்டிகள் குறைந்தன. 2000 ஜூலை 30 இரவு தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூர் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திச் சென்றபோது, இரண்டு மாநிலமும் 108 நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. பஸ் நின்றது. மலைமேல் ஊர்களின் பேர் டில்லி பத்திரிகைகளில் வந்தது. அந்த வருஷங்களில் நான் யாரிடமும் திம்பத்துப் பேயைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. துப்பாக்கிக்குப் பயந்துகொண்டிருப்பவனுக்குப் பேய் எதற்கு?

மலைமேல் இருந்தவர்களுக்கோ இரண்டு பக்கமும் பயம். காட்டுக்குள் இருந்தவர்களுக்குச் சோறு போட்டாயா என்று இவர்கள் அடிப்பார்கள், போலீசுக்குத் தகவல் சொன்னாயா என்று அவர்கள் சுடுவார்கள். கூட்டு அதிரடிப்படையின் மீதான சித்திரவதைப் புகார்களை விசாரிக்க 1999-ல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007-ல் ஆணையம் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கச் சொன்னது. அந்தக் காலத்தைத் தெரிந்துகொள்ள விரும்பும் மாணவர்கள் ச. பாலமுருகன் 2004-ல் எழுதிய 'சோளகர் தொட்டி' நாவலைப் படிக்கலாம். எந்தப் பேய்க்கதையும் அப்படித் தூக்கத்தைக் கெடுக்காது. கொல்லப்பட்ட போலீசார், வனத்துறையினர் குடும்பங்களின் துக்கமும் இந்தக் கணக்கில் சேரவேண்டும்.

ஆக, பேத்தி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். பட்டியல் சொல்கிற 'வீரப்பன் ஆவி' 2004-க்குப் பிறகு பிறந்த குழந்தை. நிஜமான பயம் ரோட்டை விட்டு இறங்கின பிறகு, சுற்றுலாவாகப் போகிறவர்கள் கொண்டுவந்து வைத்த பயம். எனக்கு அதன் மேல் கோபம் வருவது அது பொய் என்பதால் அல்ல. சுண்ணாம்பு கேட்ட பெண்ணும் பொய்தானே! இந்த ரோட்டில் செத்த சிப்பாய்க்கும், பஞ்சத்தில் விழுந்தவனுக்கும், முனி அடித்த வண்டிக்காரனுக்கும், பதினேழு வயசுக் கிளீனருக்கும், முகாமில் அடிபட்டுச் செத்த சோளகனுக்கும் கொடுக்காத இடத்தை, பேப்பரில் தினம் படம் வந்த ஒருவருக்கே அந்தப் பட்டியல் மறுபடியும் கொடுத்துவிடுகிறது.

இன்றைய நிலவரத்தையும் சொல்லி முடிக்கிறேன். 2013-ல் அந்தக் காடு புலிகள் காப்பகம் ஆயிற்று. ராத்திரி லாரிகளில் அடிபட்டு மானும் சிறுத்தையும் சாவது தாங்காமல் வழக்கு நடந்து, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவுப் போக்குவரத்துத் தடை அமலுக்கு வந்தது. தாளவாடி விவசாயிகள் கொதித்துப் போனார்கள். தக்காளியும் கோஸும் ராத்திரி இறங்கினால்தானே விடியக்காலம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும்! போராட்டம், கடையடைப்பு எல்லாம் நடந்தது. பிறகு உள்ளூர்க்காரர்களுக்குச் சில தளர்வுகள் கிடைத்தன. இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. அடிபட்டுக் கிடந்த புள்ளிமானையும் பார்த்திருக்கிறேன், விலை போகாமல் கொட்டின தக்காளியையும் பார்த்திருக்கிறேன். எப்படியோ, நடுச்சாமத்தில் அந்த ரோடு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இருந்த மாதிரி மறுபடியும் மிருகங்களிடம் போயிருக்கிறது. இனிமேல் அங்கே பேய் இருந்தாலும் பார்க்க ஆளில்லை.

மைசூர், பெங்களூர் பக்கமிருந்து இந்தச் சந்திப்புக்குக் காரில் வரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். லாரிகளுக்கு மாலை 6 மணிக்கே அடைத்துவிடுகிறார்கள், கார்களுக்கு இரவு 9 மணி என்று வைத்திருந்தார்கள். கிளம்புமுன் ஒரு தடவை விசாரித்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே பண்ணாரி இறங்கிவிடுகிற மாதிரி புறப்படுங்கள். காரப்பள்ளம் சோதனைச்சாவடியில் கரும்பு லாரிக்காக யானைகள் ரோட்டில் வந்து நிற்கும். ஹாரன் அடிக்காதீர்கள். நாலு கட்டுக் கரும்பை உருவிக்கொண்டு, குட்டியைத் தள்ளிக்கொண்டு, அதுகளாகவே வழி விடும். அரை மணி நேரம் தாமதமானால் பரவாயில்லை, மதியச் சாப்பாட்டை உங்களுக்காக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.